ராமமூர்த்தி பெயரை ஏன் விட்டீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். 1964-இல் வந்த பாட்டுகளுக்கென்றே ஒரு மாலை. கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை, படகோட்டி என்று வரிசையாகப் பாடினார்கள், நன்றாகவும் பாடினார்கள். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தொகுப்பாளர் சொன்னது "இசை எம்.எஸ்.வி." மட்டும்தான். கடைசிவரை ராமமூர்த்தியின் பெயர் வரவே இல்லை.

அந்தப் படங்களின் டைட்டிலில் இசை என்று இருப்பது விஸ்வநாதன்-ராமமூர்த்தி, அதாவது எம்.எஸ்.வி.யும் அவரோடு சேர்ந்து இசையமைத்த ராமமூர்த்தியும். 1952-இல் 'பணம்' படத்தில் தொடங்கி 1965-இல் பிரியும்வரை இரண்டு பெயர்தான். 1964 பொங்கலுக்கு 'கர்ணன்', ராகங்களிலேயே ஊறிய பாட்டுகள். அடுத்த மாதமே 'காதலிக்க நேரமில்லை'யில் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று ஒரு துள்ளல். பச்சை விளக்கு, ஆண்டவன் கட்டளை, தெய்வத்தாய், சர்வர் சுந்தரம் எல்லாம் அதே வருடம். அத்தனையும் இரண்டு பேர் செய்த வேலை. (வேட்டைக்காரனும் நவராத்திரியும் கொடுத்த கே.வி. மகாதேவனுக்கும் அந்த மாலையில் இடமில்லை. அதை இன்னொரு நாள் பேசுகிறேன்.)

என் தாய்மாமா திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தவர். கோயில் திருவிழாவில் 'புதிய பறவை'யின் 'எங்கே நிம்மதி' எடுத்தால், ரெக்கார்டில் ஒரு பட்டாளமே வாசித்ததை மேடையில் இரண்டே வயலின் இழுத்தாக வேண்டும். தாடையை அழுத்திக்கொண்டு வில்லை நுனிவரை இழுப்பார். பாட்டு முடியும்போது வில்லில் முடி அறுந்து தொங்கும். "ராமமூர்த்தி நம்ம ஊர் வயலின்காரர்டா" என்பார். அறிவிப்பாளர் ஒரு பெயரை விழுங்கினால் வயலினைக் கீழே வைத்துவிட்டு, மைக்கை வாங்கி இரண்டு பெயரையும் அவரே சொல்வார்.

உடனே வருவீர்கள், "மெட்டெல்லாம் எம்.எஸ்.வி., மற்றவர் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதானே" என்று. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வாத்தியம் இல்லாமல் 'எங்கே நிம்மதி'யைப் பாடிக்காட்டுங்கள். அப்புறம், 1966-இல் 'காகித ஓடம் கடலலை மீது' யார் போட்ட மெட்டு? 1967-இல் 'போதுமோ இந்த இடம்'? தனியாகப் போன ராமமூர்த்தி போட்டவை.

"பிரிந்தபின் அவரால் நிற்க முடியவில்லையே, எம்.எஸ்.வி. நூற்றுக்கணக்கான படங்கள் செய்தாரே" என்பார்கள். உண்மைதான். எம்.எஸ்.வி.யின் பாட்டு இல்லாமல் எனக்கு ஒரு நாளும் போகாது. ஆனால் பின்னால் யார் அதிகம் ஓடினார் என்பதை வைத்து, 1964-இல் ஒருவர் செய்த வேலையை எப்படிப் பறிப்பீர்கள்? இரண்டு பெயரையும் சொல்ல நேரம் போதவில்லை என்று யாராவது சொன்னால், அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ராமமூர்த்தி பிறந்தது 1922-இல், விஸ்வநாதன் 1928-இல். மூத்தவர் பெயர்தான் இரண்டாவதாக வந்தது, பதின்மூன்று வருடமும் அப்படியே நின்றது. இரண்டாவதாக இருந்ததால்தானே இன்று இவ்வளவு சுலபமாகக் கழற்றிவிடுகிறீர்கள்? அவர் போய்ச் சேர்ந்தது 2013-இல், எம்.எஸ்.வி. 2015-இல். கேட்க இருவரும் இல்லை என்பதால் எதையும் சொல்லலாமா? அந்த மேடையில் பாடிய சின்னப் பிள்ளைகளுக்கு இனி யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அவர்கள்மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை. எழுதிக் கொடுத்தவர்கள்மேல்தான்.

யூடியூபில் ஏற்றிய வீடியோவின் கீழும் "இசை: எம்.எஸ்.வி." என்றே இருக்கிறது. திருத்தச் சொல்லி எழுதிவிட்டேன், இதுவரை பதில் இல்லை. நீங்களும் போய் எழுதுங்கள்.