குட்டியைத் தூக்குவதற்கு முன்னால் அதன் அம்மாவைப் பாருங்கள்

போன வாரம் மச்சான் போன் செய்தான். "மாமா, பாப்பாவுக்கு முழுப்பரீட்சை முடியப்போகுது, பர்த்டேவும் வருது, உங்க வீட்ல இருக்கிற மாதிரியே ஒரு ஷிட்ஸு குட்டி வாங்கலாம்னு இருக்கோம், எங்க கிடைக்கும், எவ்வளவு ஆகும்?" ஷிட்ஸு என்பது சப்பை முகமும் நீள முடியும் உள்ள சின்ன ரக நாய். விலையைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் பேசினேன். ஏப்ரல் வந்தாலே இதே கேள்வியை நாலைந்து பேர் கேட்கிறார்கள், அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் சீனி இரண்டாவது குட்டி. அதற்கு முன்னால் பொரி இருந்தது. ஒன்பது நாள்தான் இருந்தது.

பொரியை இன்ஸ்டாகிராமில் போட்டோ பார்த்து வாங்கினோம். விற்றவர் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, ஒரு டீக்கடை வாசலுக்கு ஆப்பிள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். 45 நாள் ஆச்சு, ஊசி போட்டாச்சு என்று ஒரு அட்டையும் கொடுத்தார். தாய் எங்கே என்று கேட்டேன், ஊரில் இருக்கிறது என்றார். அதற்குள் அது என் மணிக்கட்டை நக்க ஆரம்பித்துவிட்டது, அப்புறம் எங்கே வேறு கேள்வி கேட்பது.

மறுநாள் டாக்டர் அதன் வாயைத் திறந்து ஈறை விரலால் தடவிப் பார்த்தார். பின்பக்கப் பற்கள் சரியாக முளைக்கவே இல்லை, முப்பது நாளைத் தாண்டியிருந்தாலே அதிகம் என்றார். அட்டையில் தேதி மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. உண்மையிலேயே ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அதில் ஒட்டியிருப்பார்கள், டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான்காம் நாள் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, ராத்திரி வாந்தி, விடிந்தால் ரத்தமாகப் பேதி. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். ஒரு கிலோகூட இல்லாத குட்டி, முன்னங்காலில் நரம்பு தேடி டிரிப்ஸ் ஏற்ற அரை மணி நேரம் ஆனது. பார்வோ வந்த குட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வாடை மறக்காது. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் என் மனைவியின் மடியிலேயே போய்விட்டது. கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரிய 3 முதல் 7 நாள் ஆகும் என்றார் டாக்டர், அப்படிப் பார்த்தால் வரும்போதே கொண்டுவந்திருக்க வேண்டும். பினாயிலுக்கெல்லாம் அந்தக் கிருமி சாகாது, பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடைக்க வேண்டும், அப்படியும் ஒரு வருஷத்துக்கு வேறு குட்டி கொண்டுவராதீர்கள் என்றார்.

அந்த ஒரு வருஷத்தில்தான் சட்டம் என்று ஒன்று இருப்பதே தெரிந்துகொண்டேன். 2017-இல் வந்த மத்திய அரசு விதிகள்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. இனவிருத்தி செய்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளுக்கே ஐந்துதான். டீக்கடை வாசலில் பெட்டியைத் திறந்து காட்டுகிறவரிடம் இதில் எதைக் கேட்க முடியும்? பொரியின் தாயை நான் பார்க்கவே இல்லை. எந்தக் கூண்டில் எத்தனையாவது ஈற்றோ, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. காசு கொடுத்தது நான்.

சீனியை வாங்கும்போது விற்றவர்கள் வீட்டுக்கே போனோம். தாய் வாசல்வரை வந்து எங்களை மோந்தது. முடி சிக்கில்லாமல் இருந்தது, அது தூங்கும்போது மூச்சுச் சத்தம் எப்படி என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூக்குத் துவாரம் கோடு போட்ட மாதிரி ஒட்டியிருக்கிறதா, நன்றாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தாயின் மூக்கு எப்படியோ அப்படித்தான் குட்டிக்கும் வர வாய்ப்பு அதிகம்.

மூக்கை ஏன் இவ்வளவு பெரிசாகச் சொல்கிறேன் என்றால், நாய்க்கு நம்மைப் போல வேர்த்துச் சூடு தணியாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் தணிய வேண்டும். முகம் சப்பையாக இருந்தால் அதுவே பெரும்பாடு, சென்னைப் புழுக்கத்தில் இன்னும் மோசம். 2024-இல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில் நம் ஊருக்கு ஒத்துவராதவை என்று இனவிருத்திக்குத் தடை போட்ட பட்டியலில் பக் நாய் இருந்தது. ஷிட்ஸு இல்லை, ஆனால் அதுவும் சப்பை முகம்தான். போன மே மாதம் சாயங்காலம் ஐந்தரைக்கு, வெயில் இறங்கிவிட்டதே என்று சீனியை நடக்கக் கூட்டிப்போனேன். இருநூறு அடி போயிருப்போம், ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் செடிக்குத் தண்ணீர் விட்ட ஈரத்தில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டது. நாக்கு ரோஸ் நிறத்திலிருந்து நாவல்பழம் தின்ற நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த வாட்ச்மேன் குழாயை அப்படியே அதன் மேல் திருப்பினார், அதனால் பிழைத்தது. இப்போது நடை காலை ஆறு மணிக்கு முன்னால்தான். முழுப்பரீட்சை முடிந்து குட்டி வாங்கினால் அது நேரே அக்னி நட்சத்திரத்தில் வந்து இறங்கும், இதை யாரும் யோசிப்பதில்லை.

முடி விஷயம் தனி. வளர்ந்துகொண்டே இருக்கும். காதுக்குப் பின்னால், அக்குளில், பெல்ட் உரசும் இடத்தில் இரண்டு நாள் சீவாமல் விட்டால் சடை விழும், அதற்குள் உண்ணி போய் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. உண்ணிக் காய்ச்சலில் நாய் இரண்டே நாளில் துவண்டுவிடும். தினமும் கால் மணி நேரம் சீப்போடு உட்கார வேண்டும், மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் குரூமிங்குக்கு மட்டும் எடுத்து வைக்கிறேன். மருந்துச் செலவு தனி.

அப்புறம் சாப்பாடு. மிச்ச சாம்பார் சாதத்தை வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயாசத்தில் கிடக்கும் உலர்திராட்சை கிட்னியைக் கெடுக்கும். ஐந்தாறு கிலோ உடம்புக்குக் கொஞ்சமே போதும் ஆபத்துக்கு. ரொம்பச் சின்னக் குட்டியாக இருந்தால் வேளை தவறினாலே சர்க்கரை இறங்கி மயங்கிவிடும், ஒரு நாளைக்கு நாலு வேளை கொடுக்க வேண்டும்.

குழந்தைக்குத்தான் என்று வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. குட்டியாக இருக்கும்போது மடியிலிருந்து விழுந்தாலே கால் உடையலாம். கண்குழி ஆழம் இல்லாததால் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்தால் விழி பிதுங்கி வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. அதனால் கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பில் மாட்டும் ஹார்னஸ்தான். இந்த இனத்தை மனிதர் காலடியிலேயே கிடப்பதற்கென்று வளர்த்திருக்கிறார்கள், காலை எட்டு மணிக்குப் பூட்டினால் ராத்திரி ஏழுக்குத்தான் திறக்கும் வீட்டில் அது அழுதே ஓய்ந்துவிடும்.

மச்சானிடம் கடைசியாகக் கேட்டேன், பாப்பாவுக்கு இப்போது என்ன வயசு? ஒன்பது. ஷிட்ஸு பதிமூன்று, பதினான்கு வருஷம் சாதாரணமாக இருக்கும். அவள் படிப்பு முடித்து வேலைக்கு வெளியூர் போயிருப்பாள், கண்ணில் புரை விழுந்து பாய்விரிப்பில் மூத்திரம் போகும் கிழ நாயைத் துடைத்துக் கவனிக்கப்போவது நீயும் உன் மனைவியும்தான், அது சரியா?

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஜூலைக்கு மேல பார்க்கலாம் மாமா" என்றான். சரி, அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். சீனியின் வலது காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு விழுந்திருக்கிறது, அதை அவளே பிரிக்கட்டும்.