கோவாண்டாவின் 1910 விமானம் ஜெட் அல்ல

"1910-லேயே ருமேனியாவின் கோவாண்டா ஜெட் விமானம் ஓட்டிவிட்டார், பிரிட்டனின் ஜெட் எஞ்சின் பொறியாளர் ஃபிராங்க் விட்டில் காப்பியடித்தார்" என்பது தவறு. பாரிஸ் கண்காட்சியில் நின்ற அந்த விமானத்தில் இருந்தது 50 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின். அது குழாய்க்குள் ஒரு விசிறியைச் சுழற்றியது, அவ்வளவுதான். டர்பைன் (வாயுவின் வேகத்தில் சுழலும் இறக்கைச் சக்கரம்) கிடையாது. காற்றோட்டத்தில் எரிபொருள் எரித்த கதை 1950-களில்தான் வந்தது. அவருடைய அன்றைய காப்புரிமைகளில் அது இல்லை.

டர்போஜெட் என்ற ஜெட் எஞ்சினில், அழுத்திய காற்றில் எரிபொருள் எரியவேண்டும், அந்த வாயுவே டர்பைனைச் சுழற்றி, காற்றை அழுத்தும் கம்ப்ரசரை ஓட்டவேண்டும். விட்டில் அதற்குக் காப்புரிமை கேட்டு 1930-ல் விண்ணப்பித்தார். 1937 ஏப்ரல் 12 அன்று எஞ்சினை முதலில் ஓட்டியபோது, எரிபொருள் எரியும் அறையின் அடியில் தேங்கிய எரிபொருளால், வால்வை மூடியும் எஞ்சின் வேகமெடுத்தது! முதலில் பறந்தது மட்டும் ஜெர்மனியின் ஓஹைன் எஞ்சின்: ஹைன்கல் 178 விமானத்தில், 1939 ஆகஸ்ட் 27. விட்டிலுடையது 1941 மே 15.