ஒரு வரி விளக்கம் போதுமா?

ஏஐ ஏஜென்ட் அழைத்துப் பயன்படுத்தும் டூல்களுக்கு (கோப்பைத் திருத்துவது, தேடுவது போன்ற வேலைகளுக்கான கருவிகள்) விளக்கம் எழுதுவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். டோக்கன் (மாடல் உரையைப் படிக்கும் சிறு துண்டு) செலவைக் குறைக்க ஒவ்வொரு டூலின் விளக்கத்தையும் ஒரே வரியில் முடிக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். எனக்கு இது சரியாகப் படவில்லை. 'கோப்பைத் திருத்தும்' என்று மட்டும் எழுதிவைத்தால் நிரல் எழுதும் கோடிங் ஏஜென்ட் எதை வைத்து முடிவெடுக்கும்? பழைய வரியைத் தேடிப் புது வரியை வைக்கும் டூலையே எடுத்துக்கொள்ளுங்கள். தேடும் பகுதி இடைவெளி உட்பட எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கோப்பில் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்; இரண்டு இடத்தில் இருந்தால் மேலும் கீழும் சில வரிகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும். இதையெல்லாம் சொல்லாவிட்டால் தப்பும் தவறுமாக அழைத்து, பிழைச் செய்தி வாங்கி, மறுபடி அழைக்கும். விளக்கத்தில் மிச்சம் பிடித்த டோக்கன் அங்கே வட்டியோடு போய்விடும்.

அதற்காக எல்லாவற்றையும் விளக்கத்தாலேயே சரிசெய்யவும் முடியாது. ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதியிருந்தது: நிரல் சிக்கல்களைத் தீர்க்கும் திறனை அளக்கும் எஸ்.டபிள்யூ.இ-பெஞ்ச் சோதனைக்காகச் செய்த ஏஜென்ட், மூல டைரக்டரியை விட்டு நகர்ந்த பிறகு ரிலேட்டிவ் பாத் (அப்போது இருக்கும் டைரக்டரியிலிருந்து தொடங்கும் கோப்பு முகவரி) கொடுத்துத் தடுமாறியது. முழு பாத் மட்டுமே ஏற்கும்படி டூலையே மாற்றினார்கள், பிரச்சினை தீர்ந்தது. பாராமீட்டர் (டூலுக்குக் கொடுக்கும் உள்ளீடு) பெயரும் அப்படித்தான். 'யூசர்' என்றால் பெயரா, மின்னஞ்சலா, எண்ணா? 'யூசர்_ஐடி' என்று வைத்தால் பாதி விளக்கம் தேவையே இல்லை.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று: கோப்புக்குள் தேட ஒரு டூல், கோப்புப் பெயரைத் தேட ஒரு டூல் என்று இருந்தால், எதை எப்போது அழைக்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். எம்.சி.பி. (ஏஜென்ட்டோடு வெளி டூல்களை இணைக்கும் பொது நெறிமுறை) சர்வர்கள் நாலைந்தை ஒன்றாக இணைப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். 'சர்ச்' என்ற பெயரிலேயே மூன்று டூல் வந்து நிற்கும்!