துருவ நட்சத்திரம் தாஹிட்டி வரை வழிகாட்டாது

பண்டைய ஹவாய் மாலுமிகள் துருவ நட்சத்திரம் ஒன்றை மட்டுமே பார்த்துத் தென் பசிபிக் தீவான தாஹிட்டிக்குச் சென்று திரும்பினார்கள் என்ற கருத்து இங்கே பலமுறை பகிரப்பட்டுள்ளது. அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறத்தாழ அந்த இடத்தின் வட அட்சரேகைக்குச் சமம் என்பதால், ஹவாயின் ஹொனலுலுவில் சுமார் 21 பாகை உயரத்தில் தெரியும் அது, தெற்கே செல்லச் செல்லத் தாழ்ந்து, நிலநடுக்கோட்டருகே கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. தாஹிட்டியோ அதற்கும் தெற்கே 17 பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. திரும்பும் வழியில் அது மீண்டும் தென்பட்டு, ஹவாயின் அட்சரேகையை அறிய உதவும் என்பது உண்மையே. ஆனால் திசைக்கு ஆதாரமாக இருப்பவை பல விண்மீன்கள் எழும், மறையும் அடிவானப் புள்ளிகள்: ஒன்று மிக மேலே ஏறிவிட்டால், அதே இடத்தில் எழும் அடுத்ததைப் பிடித்துக்கொள்வார்கள், வானம் மூடிக்கொண்டால், அலைகளின் போக்கைப் படகின் ஆட்டத்திலேயே உணர்வார்கள். 1976இல் ஹோக்குலேயா என்ற, பண்டைய பாணியில் கட்டப்பட்ட ஹவாய்ப் பாய்மரப் படகுக்குக் கருவி எதுவுமின்றித் தாஹிட்டி வரை வழிகாட்டிய மவ் பியாய்லுக், மைக்ரோனீசியாவின் சதவால் தீவில் இவ்வகைக் கலையைக் கற்றவர். ஹவாயில் அது மறுபடி தழைக்க, அதை அங்குள்ளவர்களுக்கும் கற்றுத்தந்த அவருடைய பெருந்தன்மையே பெரிதும் காரணம்.

ஐயமிருப்பவர்கள் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் இடத்தை முதலில் ஹொனலுலு என்றும், பிறகு தாஹிட்டியின் பப்பேட்டே என்றும் வைத்து, துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பார்க்கலாம். பப்பேட்டேயில் எந்த நாளில், எந்த நேரத்தில் தேடினாலும் அது அடிவானத்துக்குக் கீழேயே இருக்கும்.