ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு போகவில்லை

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரரை) மாற்றலாமா என்ற விவாதத்தில் ஒரு ஃபார்வர்டு செய்தி சுற்றுகிறது: "2018 இறுதிப்போட்டியில் பாதியில் உட்காரவைத்ததும் ஜேலன் ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு அலபாமாவை விட்டுப் போய்விட்டார்."

இது தவறு. 2018 ஜனவரி 8 அன்று, கல்லூரி அணிகளின் தேசிய இறுதிப்போட்டியில் ஜார்ஜியா 13-0 என முன்னிலையில் இருந்தபோது, இடைவேளைக்குப் பின் அலபாமா பல்கலைக்கழக அணியில் ஹர்ட்ஸுக்குப் பதிலாக டுவா டகோவைலோவா இறக்கப்பட்டார். அலபாமா கூடுதல் நேரத்தில் 26-23 என வென்றது. இதுவரை சரி. ஆனால் ஹர்ட்ஸ் அடுத்த சீசனும் அங்கேயே, மாற்று ஆட்டக்காரராக இருந்தார். 2018 டிசம்பர் 1, எஸ்இசி (இவ்விரு அணிகளும் ஆடும் கல்லூரி லீக்) இறுதிப்போட்டி: டுவா காயமடைய, கடைசிக் கால்பகுதியில் இறங்கிய ஹர்ட்ஸ், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக ஏழு புள்ளி பின்தங்கியிருந்த அணியை 35-28 என ஜெயிக்கவைத்தார். எவ்வளவு பொறுமை வேண்டும் அதற்கு! பட்டம் பெற்ற பிறகுதான் 2019இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

அலபாமா பல்கலைக்கழக விளையாட்டுத் தளத்தின் ஆட்டப் பதிவுகளில் இதைச் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.