குழாய் ரிப்பேர்காரர்கள்

சனிக்கிழமை பிக்னிக்கைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். நியூஜெர்சித் தமிழர்களிடம் செய்தி தங்காது. பேசிய தம்பியின் பெயரை நான் போடப் போவதில்லை. நீங்களும் போட்டுவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு முந்தைய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தைப் பற்றி அவர் சொன்னது இதுதான்.

"பேப் ரூத் இன்று வந்தால் கல்லூரி அணியில்கூட இடம் கிடைக்காது. அவருக்குப் பந்து போட்டவர்கள் எல்லாம் குழாய் ரிப்பேர்காரர்கள்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு.

தம்பியின் சொந்தச் சரக்கு இல்லை இது. 2018இல் ஆடம் ஓட்டாவினோ என்ற பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ரூத்தை ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக் அவுட் செய்துவிடுவேன், பந்தை அடிக்கவிடாமலே அவுட் ஆக்கிவிடுவேன் என்று சொன்னார். பிறகு ரூத் புகழ் சேர்த்த அதே யாங்கீஸ் அணிக்கே விளையாடப் போனார். விதி என்று ஒன்று இருக்கிறது.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஓர் ஆட்டக்காரரை அவருடைய காலத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தராசில் வைக்காதீர்கள். 1920இல் ரூத் 54 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். பெரிய லீகுகள் இரண்டில் ஒன்றான அமெரிக்கன் லீகில் யாங்கீஸ் தவிர மற்ற ஏழு அணிகளில் எதுவும், முழு அணியும் சேர்ந்துகூட, அந்த ஆண்டு 54 அடிக்கவில்லை. அதே குழாய் ரிப்பேர்காரர்கள்தான் மற்றவர்களுக்கும் பந்து போட்டார்கள். அவர்கள் ஏன் அடிக்கவில்லை? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், நான் இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.

அதே 1920இல்தான் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் செத்தார். ரூத்தின் அணிக்காரரான கார்ல் மேஸ் போட்ட பந்து தலையில் பட்டு, மறுநாள் உயிர் போயிற்று. தலையில் இருந்தது வெறும் துணித் தொப்பி. அழுக்கேறி மண் நிறமாகிவிட்ட பந்தையே விடாமல் போட்டுக்கொண்டிருந்த காலம். சாயங்கால வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஹெல்மெட் கட்டாயமானது 1971இல். துணித் தொப்பியோடு அந்த இடத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

உடனே, பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் இன்றைய ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானியை மட்டம் தட்டுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். ஐயா, 2025 அக்டோபர் 17 அன்று மில்வாக்கி அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, மூன்று ஹோம் ரன்னும் அடித்தாரே, அன்று இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து கைதட்டியவன் நான். என் மனைவி எழுந்து வந்து திட்டியதற்கு அவளே சாட்சி.

ஆனால் ரூத்தை இங்கே கொண்டுவருகிறீர்களே, ஓடானியை அங்கே அனுப்ப மட்டும் ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? அவருக்கு முழங்கையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது, 2018இலும் 2023இலும். முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் அந்த வித்தையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்து காட்டியதே 1974இல்தான். ரூத்தைப் போல 1895இல் ஓடானி பிறந்திருந்தால், கை போன அன்றே பந்துவீச்சும் போயிருக்கும். அதற்கும் முன்னால் இந்த நாட்டுக்குள் குடியேற வேண்டுமே! 1924 சட்டம் ஜப்பானியர்களுக்குக் கதவை அடைத்துவிட்டது. இந்தியர்களான நமக்கு 1917இலேயே அடைத்தாயிற்று. பூங்காவை வாடகைக்கு எடுத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே பழங்காலத்தைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் அதை ஒரு நிமிடம் யோசித்தால் நல்லது.

வேகம்? இன்றைய பிட்சர்கள் வேகம்தான். மணிக்கு 95 மைல் இன்று சர்வசாதாரணம். ஒப்புக்கொண்டேன். மேலே போவோம்.

குழாய் ரிப்பேர் என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆமாம், ஆட்டம் இல்லாத மாதங்களில் வேறு வேலை பார்த்தார்கள். 1951 சீசன் முடிந்ததும் யாங்கீஸின் யோகி பெர்ராவும் ஃபில் ரிசூட்டோவும் நியூவார்க்கில் ஒரு துணிக்கடையில் சூட் விற்றார்கள். 1971இல் உலகத் தொடரை வென்ற பிட்ஸ்பர்க் அணியின் ரிச்சி ஹெப்னர் ஆட்டம் இல்லாத மாதங்களில் குழி வெட்டினார், கல்லறைத் தோட்டத்தில். அணி முதலாளிகள் ஆளைக் கட்டிப்போட்டு, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று வைத்திருந்த காலம் அது. 1975க்குப் பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. குழி வெட்டிவிட்டு வந்து விளையாடியவனைப் பார்த்து மலைக்க வேண்டுமா, சிரிக்க வேண்டுமா?

"உனக்கு வயதாகிவிட்டது, அதனால் பழையவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். இருக்கட்டும். இருபத்தாறு வருடமாக நான் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதுகிறேன். போன மாதம் அலுவலகத்தில் ஒருவர் என் நிரலைத் திரையில் போட்டு, "இது தொல்லியல் துறைக்குப் போக வேண்டியது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்றாம் தேதி அவருக்குச் சம்பளம் கணக்கிட்டுக் கொடுத்தது அந்தத் தொல்பொருள்தான். இதற்கும் பேஸ்பாலுக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

ஒரே ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பெரிய லீக் ஆட்டங்களில் ரூத்துக்குப் பந்து போட்டவர்களில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் புரூக்லின் அணிக்காக இறங்கும்வரை பெரிய லீகுகள் அவர்களை உள்ளே விடவில்லை. ஆகவே ரூத்தின் மொத்தக் கணக்கான 714 ஹோம் ரன் என்ற எண்ணில் ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. அதை அந்தத் தம்பி சொல்லியிருந்தால் எழுந்து நின்று கைகொடுத்திருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை. கறுப்பர்களுக்கென்று தனியாக நீக்ரோ லீக் என்று ஒன்று இருந்ததே தெரியாமல், பழைய காலத்தையே மொத்தமாகக் குப்பையில் போட்டார்.

அதையும் யார் முன்னால் போட்டார்! நான் அழைத்து வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்தேழு. நியூவார்க்கில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்குப் பேஸ்பால் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இந்த ஊருக்கு வந்த முதல் கோடையில் அவர் வீட்டுத் திண்ணையில் வானொலியை வைத்துக்கொண்டு, கட்டைப் பென்சிலால் ஸ்கோர் அட்டையில் கட்டம் கட்டமாக நிரப்பக் காட்டினார். மட்டையை வீசி ஸ்ட்ரைக் அவுட் ஆனால் ஆங்கில 'கே' எழுத்து. வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்து திருப்பிப் போட்டபடி. நான் தப்பாகப் போட்டால் பென்சிலின் பின்பக்க ரப்பரால் அவரே அழிப்பார்.

1946இல், ஏழு வயதில், அப்பா தோளில் உட்கார்ந்து ரூப்பர்ட் மைதானத்தில் நியூவார்க் ஈகிள்ஸ் ஆடியதைப் பார்த்தவர் அவர். லாரி டோபியும் மான்டி இர்வினும் இருந்த அணி. அந்த ஆண்டு நீக்ரோ லீக் உலகத் தொடரை வென்ற அணி. நீக்ரோ லீகின் பெரிய மட்டையாளர் ஜாஷ் கிப்சனைப் பற்றி அவருடைய அப்பா சொன்னதை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கிப்சன் 1947 ஜனவரியில், முப்பத்தைந்து வயதில் செத்துப்போனார். ராபின்சன் இறங்க மூன்று மாதம் பாக்கி. கிப்சனின் 0.372 மட்டையடிச் சராசரிதான் எல்லாக் காலத்துக்கும் முதலிடம் என்று 2024இல்தான் பெரிய லீகின் ஏட்டில் ஏறியது. அதைப் பார்க்கப் பெரியவரின் அப்பா இல்லை.

எல்லோரும் சிரித்தபோது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத் தட்டை இரண்டாக மடித்து, மறுபடி நான்காக மடித்து, குப்பைத்தொட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

காரில் திரும்பும்போதுதான் கேட்டார், அந்தப் பையனுக்கு ஸ்கோர் அட்டை எழுதத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவனையும் கூட்டி வா, ஒரு பென்சில் அதிகமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

தம்பியை நான் இன்னும் அழைக்கவில்லை. எனக்கு மனம் வரவில்லை.