கறுக்க முன்னமே கண் போகுமா?

தம்பி, "தானாகக் கறுக்கிற வெல்டிங் ஹெல்மெட் கறுக்க முன்னம் புறஊதாக்கதிர் கண்ணுக்குள்ள போயிரும், பற்றரி செத்தா கண்ணே போகும்" என்று நீங்க எழுதினது பிழை. புறஊதாக்கதிரையும் அகச்சிவப்பையும் தடுக்கிறது கண்ணாடியில இருக்கிற நிரந்தர வடிகட்டி. பற்றரி இல்லாட்டியும் அது வேலை செய்யும். பற்றரி செத்தா கண்ணாடி 3 அல்லது 4 ஆம் நிழலிலயே (நிழல் எண்டா எவ்வளவு கறுப்பு என்கிற எண்) நிற்கும். வெளிச்சம் கூசும், உடனே ஆர்க்கை (வெல்டிங் சுடரை) நிறுத்துங்க.

ஆனா இது தரச்சான்று உள்ளதுக்கு மட்டும்தான். கல்முனையிலயோ மட்டக்களப்பிலயோ வாங்கேக்க கண்ணாடியில ஈஎன் 379 என்ற ஐரோப்பியத் தரக் குறியும் 4/9-13 மாதிரி எண்ணும் (வெளுத்திருக்கேக்க 4 ஆம் நிழல், கறுத்தா 9 இல இருந்து 13 வரை) இருக்கா என்று பாருங்க. வெயிலுக்குப் பிடிச்சா கறுக்குது என்கிறது வெளிச்சத்தைக் கண்டு கறுக்க வைக்கிற சென்சருக்கான சோதனை மட்டும். வடிகட்டியைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது.

உண்மையில கண்ணைக் கூச வைக்கிறது வேற. கேட் கிறில் ஒட்டேக்க குழாயோ கையோ சென்சரை மறைச்சா ஹெல்மெட் இடையில வெளுத்திரும். வீட்டு வேலைக்கு ரெண்டு சென்சர் காணும் என்கிறாங்க. மூலை முடுக்கில ஒட்டுறவருக்கு நாலு வேணும். 2.5 மி.மீ. வெல்டிங் குச்சியை 80 அம்பியரில எரிக்க 10 ஆம் நிழல், 3.2 மி.மீ.க்கு 110 இல 11. முற்றத்து வெயிலில சும்மாவே கறுத்தா சென்சரின்ட உணர்திறனை (சென்சிட்டிவிட்டி) குறையுங்க.